மலிவு விலை ஆன்டெனா அனலைசர்: திரையை நம்பாதீர்கள், லோடைச் சோதியுங்கள்

ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் கைக்கு வந்து, முதல் ஆன்டெனாவைக் கட்டத் தயாராகும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானோவிஎன்ஏ என்ற பெயரில் இணையத்தில் விற்கப்படும் கையடக்க அனலைசர் (ஆன்டெனாவை அளக்கும் கருவி) ஒன்றை வாங்கி ஏமாற்றப்பட்டேன். விற்றவர் இன்றும் அதே படத்தைப் போட்டு விற்றுக்கொண்டிருக்கிறார்.

கருவியின் வடிவமைப்பின் மீது எனக்குக் கோபம் இல்லை. ஜப்பானிய ஆர்வலர் ஒருவர் உருவாக்கி, சுற்றுப்படத்தையும் மென்பொருளையும் எல்லோருக்கும் திறந்துவைத்த அருமையான படைப்பு அது. 2019-இல் அதன் மேம்பட்ட வடிவம் சீனாவிலிருந்து சந்தைக்கு வந்த பிறகுதான், பெரிய விலை கொடுக்க முடியாதவர்களும் எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா ரேடியோவோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதன் அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) வளைவைக் கண்ணால் பார்க்க முடிந்தது. திறந்த வடிவமைப்பு என்பதால் யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம். அந்த நகல்களில் காசை மிச்சம் பிடிக்க எங்கே கைவைக்கிறார்கள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

விற்பனைப் பக்கத்தில் இருந்த படத்தில், சிக்னலைக் கலக்கும் சில்லுகளான மிக்சர்களின் மேல் உலோக மூடிகள் பளிச்சென்று தெரிந்தன. வந்த பலகையில் ஒரு மூடிகூட இல்லை. மூடி இல்லாவிட்டால் ஒரு போர்ட்டின் (கேபிள் மாட்டும் இணைப்பின்) சிக்னல் அடுத்த போர்ட்டுக்குக் கசியும். ஃபில்டர் அளப்பவர்களுக்கு அது பெரிய இடைஞ்சல். 7 மெகாஹெர்ட்ஸில் டைபோல் என்ற எளிய கம்பி ஆன்டெனாவை மட்டும் அளப்பவர் இதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது, பெட்டியோடு வந்த 50 ஓம் லோடு, அதாவது அளவுதிருத்தத்துக்கு மாட்டும் மின்தடை. அனலைசரை அளவுதிருத்தம் செய்யும்போது ஓப்பன் (திறந்த முனை), ஷார்ட் (குறுக்கிணைத்த முனை), லோடு என்று மூன்றையும் மாட்டுகிறோம். மூன்றாவதாக மாட்டுவது எதுவாக இருந்தாலும் அதையே 50 ஓம் என்று கருவி எடுத்துக்கொள்ளும். எனக்கு வந்த லோடை மல்டிமீட்டரில் வைத்தபோது ஏறத்தாழ 75 ஓம் காட்டியது! ஆனால் அளவுதிருத்தம் முடித்து அதையே திரும்ப மாட்டினால் எஸ்டபிள்யூஆர் 1.0 என்று திரை அழகாகக் காட்டும். பொய்யான எடைக்கல்லை அதே தராசில் நிறுத்து, சரியாக இருக்கிறது என்பது போலத்தான் இது. சரியான 50 ஓம் டம்மி லோடை (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் மின்தடையை) மாட்டினால், கருவி 1.5 என்று காட்டுகிறது. புதியவர் ஒருவர் இந்த எண்ணை நம்பி, நன்றாக இருக்கும் ஆன்டெனாவின் கம்பியை வெட்டிக்கொண்டே போவார். வெட்டிய கம்பி திரும்பி வராது. என் ரேடியோவில் உள்ள மீட்டரும் அனலைசரும் ஒத்துப்போகாததால்தான் எனக்குச் சந்தேகமே வந்தது.

விற்பனையாளரிடம் மல்டிமீட்டர் படத்தோடு புகார் அனுப்பினேன். திரை எரிகிறது, கோடு வருகிறது, எனவே பழுது இல்லை என்று பதில் வந்தது. பிறகு பயன்படுத்தத் தெரியவில்லை என்றார்கள். பிறகு வீடியோ கேட்டார்கள். அனுப்பியதும் மௌனம். பொருளைத் திருப்பி அனுப்பும் கெடு முடிந்த மறுநாள், கெடு முடிந்துவிட்டது என்று பதில் எழுதினார்கள். இது கவனக்குறைவு அல்ல, திட்டமிட்டு இழுத்தடிப்பது என்றே சொல்வேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன்.

ஆகவே பெட்டி வந்த அன்றே, மற்ற எதையும் தொடுவதற்கு முன், லோடின் நடு ஊசிக்கும் வெளி உறைக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். 50-க்கு ஓரிரு ஓம் முன்பின் இருந்தால் பரவாயில்லை. மல்டிமீட்டர் கம்பிகளுக்கும் சிறிது மின்தடை உண்டு. அடுத்து, சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ சில ரூபாய்க்கு 100 ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டு வாங்குங்கள். கால்களைக் குட்டையாக வெட்டி, அளவுதிருத்தம் செய்த அனலைசரில் ஒன்றை மட்டும் மாட்டினால், குறைந்த அலைவரிசைகளில் எஸ்டபிள்யூஆர் 2-க்கு அருகில் வர வேண்டும். இரண்டையும் இணையாகச் சேர்த்தால் 1-க்கு அருகில். என்னுடையதில் ஒற்றை ரெசிஸ்டருக்கு 1.3 தான் வந்தது. பெட்டி திறப்பதிலிருந்து இந்தச் சோதனை முடியும்வரை வெட்டாமல் வீடியோ எடுத்துவையுங்கள், பணம் கட்டும் முன் விற்பனைப் பக்கத்தின் படத்தையும் சேமியுங்கள்.

900 மெகாஹெர்ட்ஸ், 1.5 கிகாஹெர்ட்ஸ் என்ற எண்களைப் பார்த்து விலையைக் கூட்டிக் கொடுக்காதீர்கள். இந்த வகைக் கருவி 300 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஹார்மோனிக்ஸை (அடிப்படை அலைவரிசையின் மடங்குகளை) வைத்துத்தான் அளக்கிறது, அங்கே துல்லியம் குறையும். நம் 40 மீட்டர், 2 மீட்டர் பேண்டுகளுக்கு அது தேவையும் இல்லை. அந்தப் பணத்தை உலோக மூடி உள்ள, 4 அங்குலத் திரை கொண்ட வடிவத்துக்குச் செலவிடலாம். மொட்டை மாடி வெயிலில் சின்னத் திரையைப் படிப்பது பெரும் சிரமம்.

ஏற்கெனவே இப்படிப்பட்ட நகலை வாங்கிவிட்டவர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டாம். நல்ல 50 ஓம் எஸ்எம்ஏ (கருவியில் உள்ள சிறிய திருகு இணைப்பு வகை) லோடு ஒன்றைத் தனியாக வாங்கி, பழைய அளவுதிருத்தத்தை அழித்துவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். எச்எஃப் (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்) வேலைக்கு அது போதும்.