திருகோணமலை வெக்கையில் எந்தத் தொற்றுநீக்கி தாக்குப்பிடிக்கிறது? ஆஸ்பத்திரி விடுதியில் பல வருட அனுபவம்

ஒரு தொற்றுநீக்கியைத் தெரிவு செய்யும்போது, போத்தலில் அச்சடித்திருக்கும் கிருமிப் பட்டியலை நான் கடைசியாகத்தான் வாசிப்பேன். எங்கள் களஞ்சிய அறையின் வெக்கையில் அது எத்தனை மாதம் சொன்ன வீரியத்தோடு இருக்கும் என்பதுதான் முதற் கேள்வி. அதைக் கரைத்து மொப் பிடிக்கிற அக்காவின் கையும் மூச்சும் அதைத் தாங்குமா என்பது அடுத்தது. திருகோணமலை மாவட்டத்தில் விடுதித் தாதியாகவும், பிறகு தொற்றுக் கட்டுப்பாட்டுப் பொறுப்பிலும் இருந்து பார்த்ததை வைத்து இதை எழுதுகிறேன். கட்டில், ட்ரொலி, கதவுக் கைபிடி, நிலம் ஆகிய மேற்பரப்புகளைப் பற்றி மட்டும்தான். சத்திரசிகிச்சைக் கருவிகளின் விஷயம் வேறு.

நான் கூடுதலாகப் பயன்படுத்தியது கான்களில் வரும் குளோரின் திரவம், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைற். மலிவு. பக்ரீரியா, வைரஸ் இரண்டையும் கொல்லும். போதிய வீரியத்தில் போதிய நேரம் விட்டால் வயிற்றோட்டம் உண்டாக்கும் கிளொஸ்ரிடியம் டிபிசில் என்ற பக்ரீரியாவின் எளிதில் சாகாத வித்துகளையும் அழிக்கும். ஸ்பிரிட்டால், அதாவது மதுசாரத்தால், அது முடியாது. கணக்கும் இலகு: 5 சதவீதத் திரவத்தில் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர் விட்டால் 0.1 சதவீதம், அதாவது பத்து இலட்சம் பங்குக்கு 1000 பங்கு (1000 பி.பி.எம்.). வழமையான மேற்பரப்புகளுக்கு அது போதும். இரத்தம் சிந்திய இடத்துக்கு ஒன்றுக்கு ஒன்பது, 5000 பி.பி.எம்.

ஆனால் இந்தக் கணக்கு கானுக்குள் உண்மையில் 5 சதவீதம் இருந்தால்தான் சரிவரும். ஹைப்போகுளோரைற்றுக்குச் சூடும் வெளிச்சமும் ஆகாது. வெப்பநிலை 10 பாகை கூடினால் அது சிதையும் வேகம் மூன்று நான்கு மடங்காகும். வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று வீசும் மாதங்களில், தகரக் கூரைக்குக் கீழே அடுக்கி வைத்த கான்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். 5 சதவீதம் 3 ஆக இறங்கியிருந்தால், அதே ஒன்றுக்கு நாற்பத்தொன்பது கலவை 600 பி.பி.எம். தான் தரும். பார்வையில் வித்தியாசம் தெரியாது, மணமும் இருக்கும். குளோரின் சோதனைக் கீற்றை நனைத்துப் பார்த்தால்தான் தெரியும். தயாரிப்புத் திகதி இல்லாத கானை நான் பாரம் எடுப்பதில்லை. உள்ளூர்ச் சின்னத் தயாரிப்பாளர்களின் கான்களில் பலதடவை சதவீதமே எழுதியிருக்காது. விலை எவ்வளவு குறைவானாலும் அப்படியானதை வாங்க வேண்டாம் என்று கொள்வனவுக் குழுவில் எப்போதும் வாதாடுகிறேன்.

ரி.சி.எல். என்ற வெள்ளைக் குளோரின் பவுடரை இங்கே எல்லோருக்கும் தெரியும். பி.எச்.ஐ. மாமார் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்) கிணற்றுக்குப் போடுகிற அதே பவுடர். 1847 இல் வியன்னாவில் செம்மெல்வைஸ் என்ற வைத்தியர் மற்ற வைத்தியர்களின் கைகளைக் கழுவ வைத்ததும் இந்தக் குளோரின் சுண்ணாம்பு வகையால்தான். பிள்ளை பெற்ற தாய்மாரின் காய்ச்சல் மரணங்கள் அதனாலேயே குறைந்தன. அந்த வரலாற்றுக்காகவே எனக்கு இதில் மரியாதை உண்டு. புதுப் பவுடரில் 30 முதல் 35 சதவீதம் வரை குளோரின் இருக்கும். லீற்றருக்கு ஏறத்தாழ 3 கிராம் போட்டால் 1000 பி.பி.எம். வரும். கலக்கி, சுண்ணாம்பு அடியில் படியவிட்டு, தெளிந்த மேல்நீரை மட்டும் எடுக்க வேண்டும். அதற்கு நேரமில்லாத விடுதியில் கட்டில் கம்பியெல்லாம் வெள்ளை பூத்துவிடும். மாரியில் ஈரம் பட்டுக் கட்டியான பவுடரை நம்பவே கூடாது. கரண்டிக் கணக்கும் ஆளுக்கு ஆள் மாறும். 2022 பொருளாதார நெருக்கடியில் வேறு பொருள் கிடைக்காத கிழமைகளில் இதுதான் எங்களைத் தாங்கியது. வெளி நிலத்துக்கும் வடிகானுக்கும் இன்றும் இதுவே. நோயாளியின் கட்டிலுக்குக் கூடுமானவரை கொண்டுபோவதில்லை.

என் மனதுக்குப் பிடித்தது குளோரின் குளிசை. சோடியம் டைக்ளோரோஐசோசயனுரேற் என்ற நீண்ட பெயர். 1.67 கிராம் குளிசை ஒன்று 1 கிராம் குளோரினைத் தரும், ஆகவே லீற்றருக்கு ஒன்று போட்டால் 1000 பி.பி.எம். பத்து லீற்றர் வாளிக்குப் பத்து. எண்ணத் தெரிந்தால் போதும், பிழை வராது. மூடியை இறுக்கி வைத்தால் காண்டாவன வெயிலிலும் வீரியம் பெரிதாக இறங்குவதில்லை. திரவக் கான் அரைப் பங்கு பழுதாகும் இடத்தில் இது பழுதாகாததால், லீற்றர்க் கணக்கில் விலை கூடினாலும் வருடக் கணக்கில் எனக்குக் கட்டுப்படியாகிறது. வாங்கும்போது குளிசையின் நிறையைப் பார்க்காமல், எவ்வளவு குளோரின் தரும் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். குடிநீருக்குப் போடும் குளிசை மிகச் சிறிய அளவு கொண்டது, அதை நிலத்துக்குப் போட்டால் பயனில்லை. மாத்திரை மாதிரியே இருப்பதால் மருந்து ட்ரொலிக்குக் கிட்டவும் வைக்கக் கூடாது, பூட்டி வைக்க வேண்டும்.

குளிசைக்கு மாறிய புதிதில் சுத்திகரிப்பில் நீண்டகாலம் இருக்கும் ஓர் அக்கா கேட்டார், “மிஸ், மணமே பெரிசா வருதில்லை, இது வேலை செய்யுமா?” நியாயமான கேள்வி. எங்கள் சனத்துக்கு ஆஸ்பத்திரி மணம் என்றால் அது லைசோல் மணம். கிரெசோலும் சவர்க்காரமும் சேர்ந்த அந்தக் கபிலத் திரவத்தின் நெடி வந்தால்தான் கழுவியதாக நம்புவார்கள், நோயாளிகளின் உறவினரும் அப்படித்தான். அக்காவின் முன்னால் கீற்றை நனைத்து நிறம் மாறுவதைக் காட்டினேன். அன்றிலிருந்து வாளி கரைத்ததும் கீற்றைக் கேட்பவர் அவர்தான். லைசோல் போன்ற பீனோல் வகைகள் பக்ரீரியாவை நன்றாகவே கொல்லும், அழுக்குக்கும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஆனால் பிறந்த குழந்தைகளின் விடுதிக்குள் அவற்றை நான் விடுவதேயில்லை. கலவை கூடிப்போய்த் தொட்டிலில் மிச்சம் ஒட்டியிருந்தால் குழந்தைகளுக்கு மஞ்சட்காமாலை ஏற்பட்டது பதிவாகியுள்ள விஷயம். இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

பென்சல்கோனியம் வகைத் திரவங்கள் நல்ல வாசனையோடு வரும், இரும்பை அரிக்காது, கையையும் குளோரின் அளவுக்குப் புண்ணாக்காது. அலுவலக மேசைக்கும் கணினிக்கும் சரி. காசநோய்க் கிருமிக்கும் நோரோவைரசுக்கும் வித்துகளுக்கும் நம்ப முடியாது. எங்களிடம் பருத்தி மொப்தான், பருத்தியோ இந்த மருந்தை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். நிலத்துக்குப் போய்ச் சேருவது குறைந்த வீரியம். ஸ்பிரிட் 70 சதவீதம், ட்ரொலித் தட்டு, ஸ்டெதஸ்கோப் போன்ற சின்னவற்றுக்கு அருமை. பெரிய பரப்புக்குப் பூசினால் காயும் வேகத்துக்கு வேலை நடக்காது, தீயும் பற்றும்.

காய்வது பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே இதுதான் பெரிய பிரச்சினை. எந்தத் தொற்றுநீக்கிக்கும் மேற்பரப்பு ஈரமாக இருக்க வேண்டிய நேரம் ஒன்று உண்டு. சிலதுக்கு ஒரு நிமிடம், சிலதுக்குப் பத்து. கடற்கரைப் பக்க விடுதியில் மத்தியானம் விசிறி சுழலும்போது மெல்லியதாகத் துடைத்த குளோரின் சொற்ப நேரத்தில் காய்ந்துவிடும். அதனால் கட்டில்களை விடியற்காலை துடைக்கிறோம், விசிறியை நிறுத்தி யன்னலைத் திறந்து வைக்கிறோம், துணியைப் பிழிந்து எடுக்காமல் நன்றாக ஈரமாகவே வைத்திருக்கிறோம். அதற்கு முன் சவர்க்காரத் தண்ணீர்க் கழுவல் கட்டாயம். சீழும் இரத்தமும் இருக்கும் இடத்தில் குளோரின் அந்த அழுக்கோடு தாக்கமுற்றே தீர்ந்துபோகும். சிறுநீர் தேங்கிய இடத்தில் நேரே குளோரினை ஊற்றினால் நச்சு வாயுவும் கிளம்பும், முதலில் ஒற்றி எடுத்துக் கழுவுங்கள். அமிலம் கலந்த கழிவறைத் திரவத்தையும் குளோரினையும் ஒரே வாளியில் சேர்க்கவே கூடாது.

குளோரினின் பாதிப்பையும் மறைக்கக் கூடாது. உப்புக்காற்று ஏற்கெனவே தின்கிற இரும்புக் கட்டிலைக் குளோரின் இன்னும் தின்னும். பத்து நிமிடம் கழித்து வெறுந்தண்ணீரால் ஒருமுறை துடைத்துவிட்ட கட்டில்கள் எங்களிடம் கூடுதல் காலம் உழைத்தன. மெத்தையின் றெக்சின் உறை வெடித்துவிட்டால் எந்த மருந்தும் உள்ளே போகாது, உறையை மாற்றத்தான் வேண்டும். கையுறை தீர்ந்துபோன வாரங்களில் அக்காமாரின் விரலிடுக்குகள் வெடித்ததையும் பார்த்திருக்கிறேன். கையுறை இல்லாமல் தொற்றுநீக்கியை மட்டும் வழங்கும் களஞ்சியத்தை நான் கடுமையாகக் கண்டிக்கிறேன்.

மேம்படுத்திய ஹைட்ரஜன் பெரொக்சைட் 0.5 சதவீதத் துடைப்புகளைச் சிறிது காலம் பாவித்துப் பார்த்தேன். வேகமாக வேலை செய்யும், நெடி இல்லை, நீராகவும் ஒட்சிசனாகவும் பிரிந்துபோகும். இந்த வரிசையில் ஆகச் சிறந்தது அதுதான் என்று தயங்காமல் சொல்வேன். விலையும் இறக்குமதித் தடங்கலும் காரணமாக முழு விடுதிக்கும் கட்டாது. கிடைக்கும் சொற்பத்தைக் குறைமாதக் குழந்தைகளின் பிரிவுக்கும், மூச்சுத்திணறல்காரர் படுக்கும் கட்டில்களுக்கும் ஒதுக்கி, மற்றதெல்லாம் குளோரின் குளிசையால் செய்து வருகிறோம்.