அரிசித் தீர்வையைக் குறைக்கலாமா: எந்த மாதிரியின் கணக்கை எடுப்பது?

2024 டிசம்பரில் இலங்கையில் தனியாருக்கு அரிசி இறக்குமதியைத் திறந்துவிட்டபோது கிலோவுக்கு 65 ரூபாய் இறக்குமதித் தீர்வை இருந்தது. அதைக் குறைத்தால் அம்பாறை, மட்டக்களப்பு விவசாயிக்கு என்ன ஆகும்? இதற்குப் பொருளியலில் இரண்டு விதமான மாதிரிகளால், அதாவது சந்தையைச் சமன்பாடுகளாக எழுதி, கணக்குப் போடலாம்.

பகுதிச் சமநிலை மாதிரி அரிசிச் சந்தையை மட்டும் தனியே எடுத்துப் பார்க்கும். கொஞ்சத் தரவு போதும். எந்த இலக்கத்தை எங்கே போட்டார்கள் என்று சம்மாந்துறை மில்காரர்கூடக் கேட்டுப் பிழை பிடிக்கலாம். ஆனால் நெல் விலை விழுந்தால் உரக்கடைக்கும் அறுவடை மெசின்காரருக்கும் விழும் அடி அதற்குள் வராது.

பொதுச் சமநிலை மாதிரியில் எல்லாத் துறைகளும் ஒன்றோடொன்று பின்னியிருக்கும். அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகத்தில் 1992இல் தொடங்கிய ஜிடேப் (GTAP) என்ற உலக வர்த்தக மாதிரி இதில் பேர்பெற்றது. அதன் வழக்கமான வடிவம் நிறைதொழில் நிலையை எடுத்துக்கொள்கிறது; அதாவது வெள்ளாமையை விட்டவருக்கு வேறு வேலை கிடைத்துவிடும். மட்டக்களப்பின் படுவான்கரையில் எங்கே கிடைக்கிறது? வேலை தேடிக் கட்டாருக்குப் போவதற்காகப் பட்ட கடன் அந்தக் கணக்கில் இல்லை. முடிவுகளும் நிலையாக நிற்பதில்லை. உலக வர்த்தகத்தை முழுதாகத் திறந்தால் வரும் ஆதாயத்தை இப்படிப்பட்ட மாதிரியை வைத்து உலக வங்கி 2000களின் தொடக்கத்தில் 80,000 கோடி டொலருக்கு மேல் என்றது. 2005 அளவில் அது 30,000 கோடிக்குக் கீழே வந்துவிட்டது. தரவுகளைப் புதுப்பித்தது அதற்கு ஒரு பெரிய காரணம்.

இரண்டுமே வழக்கமாக ஆண்டுக் கணக்கில்தான் ஓடுகின்றன. எனக்கு இதுதான் பெரிய குறை. தை கடைசியிலிருந்து பங்குனி வரை பெரும்போக அறுவடை. கடன்காரர் வாசலில் நிற்க, ஈர நெல்லை வயல் வட்டையிலேயே விற்றுவிடுகிறார்கள். அதே குடும்பம் கார்த்திகையில் கடையில் அரிசி வாங்குகிறது. அப்போது தீர்வை குறைந்தால் அந்த வீட்டுக்கு உதவி. மாசியில் குறைந்தால் இடி. கார்த்திகையில் வந்த அரிசி மாசி வரை களஞ்சியத்தில் கிடந்தாலும் இடிதான். ஆண்டுச் சராசரியில் இது தெரியவே தெரியாது.

ஆகவே தீர்வைக்கு நான் சிறிய மாதிரியையே எடுப்பேன், மாதவாரியாக ஓட்டி. கூடவே எந்த வீடு எவ்வளவு விற்கிறது, எவ்வளவு வாங்குகிறது என்ற குடும்பக் கணக்கெடுப்பும் வேண்டும். தாய்லாந்து அரிசி விலைக்குப் பொருளியலாளர் அங்கஸ் டீட்டன் 1989இல் செய்து காட்டிய வழி அது.

தாய்லாந்துடன் 2024இல் கைச்சாத்திட்ட சுதந்திர வர்த்தக உடன்படிக்கை போலப் பல துறைகளைத் தொடும் விடயம் என்றால் சரி, பெரிய மாதிரி தேவைதான். அப்போதும் வேலையின்மையை உள்ளே விட்டு இன்னொரு தடவை ஓட்டச் சொல்வேன்.