எவாப்பரேட்டர் அழுத்தத்தை யார் கையில் கொடுப்பது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிப்ரவரிப் புழுக்கம். எங்கள் ஆய்வகத்து ஏசி சோதனை அமைப்பில் ஓடுவது ஆர்-134ஏ என்ற குளிரூட்டும் கேஸ். அது கொதித்து ஆவியாகும் காயிலான எவாப்பரேட்டர் 5 டிகிரியில் நிற்க வேண்டும். வெற்றிடத்தைப் பூஜ்யமாக வைத்தால் அதற்கான அழுத்தம் சுமார் 350 கிலோபாஸ்கல். சாட்ஸ்வொர்த்திலிருந்து வரும் மாணவன் கேஜையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணா, முள் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குதே" என்றான்.

நிற்காதுதான். காயிலுக்குத் திரவத்தை அளந்து விட நாங்கள் போட்டிருந்த தெர்மாஸ்டாட்டிக் எக்ஸ்பான்ஷன் வால்வு சூப்பர்ஹீட்டை, அதாவது ஆவியான கேஸ் கொதிநிலையைத் தாண்டி ஏறும் சூட்டை, மட்டுமே கவனிக்கும். கம்ப்ரசர் உறிஞ்சுவதும் காயில் கொதிப்பதும் எங்கே சமமாகிறதோ அங்கே அழுத்தம் போய் உட்காரும். அதைப் பிடித்து நிறுத்த வேறு ஆள் வேண்டும்.

முதலில் எல்லோர் கண்ணிலும் படுவது, அழுத்தத்தை மாறாமல் வைக்கும் ஆட்டோமேட்டிக் எக்ஸ்பான்ஷன் வால்வு. பெயரைக் கேட்டால் நமக்காகவே செய்தது போலிருக்கும். ஆனால் குணம் தலைகீழ். சுமை கூடினால் கொதிப்பு கூடி அழுத்தம் ஏறும். உடனே வால்வு மூடிக்கொள்ளும். காயிலுக்குத் திரவம் அதிகம் தேவைப்படும் நேரத்தில் பட்டினி. சுமை குறைந்தால் திறந்துகொண்டு, ஆவியாகாத திரவத்தைக் கம்ப்ரசர் பக்கம் தள்ளும். சுமை அசையாத சோதனைக்குச் சரி, மற்றதற்கு நான் தொடமாட்டேன்.

அடுத்தது, காயிலிலிருந்து கம்ப்ரசருக்குப் போகும் சக்‌ஷன் லைனில் போடும் அழுத்த ரெகுலேட்டர். காயிலின் அழுத்தம் செட் செய்த அளவுக்குக் கீழே இறங்காமல் காக்கும். மேலே ஏறினால் இறக்க அதற்குத் தெரியாது. அது கம்ப்ரசரின் திராணியைப் பொறுத்தது. இன்னொரு சிக்கல் பெரியது. காயிலில் 350 இருக்கும்போது வால்வைத் தாண்டி 300 மட்டுமே மிஞ்சினால், கம்ப்ரசர் கிட்டத்தட்ட அரை டிகிரியில் ஆவியாவது போல உழைக்கும். காயிலை மட்டும் சோதித்தால் கவலையில்லை. மொத்த ஏசியின் மின்செலவை அளக்கிறீர்கள் என்றால், வால்வின் செலவையும் ஏசியின் தலையில் கட்டிவிடுவீர்கள்.

கம்ப்ரசர் வெளியே தள்ளும் சூடான கேஸில் கொஞ்சத்தைத் திருப்பிவிடும் ஹாட் கேஸ் பைபாஸ்? அழுத்தம் நிற்கும், மின்சாரம் வீணாகும். சூடான கேஸை எவாப்பரேட்டர் வாயில் விட்டால், எக்ஸ்பான்ஷன் வால்வுக்குத் திரவம் வரும் லிக்விட் லைன் வெப்பநிலையை வைத்துக் குளிர்திறன் போடும் கணக்கும் கெடும். சோதனைக்கு வேண்டாம்.

பணம் இருந்தால் வேகத்தை மாற்றக்கூடிய இன்வெர்ட்டர் கம்ப்ரசர்தான். அழுத்தத்தைக் கம்ப்ரசர் வேகத்துக்கும், சூப்பர்ஹீட்டை எலெக்ட்ரானிக் வால்வுக்கும் பிரித்துக் கொடுக்கலாம். ஆனால் ஒரே உறையில் இரண்டு கத்தி. வால்வு திறந்தால் அழுத்தம் ஏறும், கம்ப்ரசர் வேகமெடுக்கும், சூப்பர்ஹீட் கூடும், வால்வு மறுபடி திறக்கும். இரண்டில் ஒன்றை வேண்டுமென்றே மந்தமாக்கினால்தான் அடங்கும். வேகம் மாறினால் கம்ப்ரசரின் செயல்திறனும் மாறும் என்பதால், வேகத்தையும் பதிவு செய்யாத அட்டவணை பாதி அட்டவணைதான்.

யாரும் பேசாத வழி ஒன்று உண்டு: காற்றுப்பாதையில் ஹீட்டர். கேஸ் சுற்றில் கை வைக்காமல், காயிலுக்கு வரும் காற்றின் சூட்டைக் கூட்டிக் குறைத்தே அழுத்தத்தை நகர்த்தலாம். மெதுவாகத்தான் நகரும், ஆனால் அளவீடு சுத்தம். உள்ளே வரும் காற்று 27 டிகிரி, ஈரத்துணி சுற்றிய வெப்பமானியில் (ஈரக்குமிழ்) 19 என்று விதி கட்டிவிட்டால் மட்டும் இந்த வழி அடைபட்டுவிடும். எங்கள் வேலை காயில் சோதனை; கம்ப்ரசர் ஒரே வேகத்தில் ஓடுவது. அதனால் ரெகுலேட்டரும் ஹீட்டரும் சேர்த்து வைத்தோம். முள் நின்றது.

அப்புறம், ஜோஹன்னஸ்பர்க் நண்பர் எங்கள் செட்டிங்கை அப்படியே கேட்டார். கேஜ் காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழித்த எண். கடலோரத்தில் அந்தக் காற்று 101 கிலோபாஸ்கல், 1,700 மீட்டருக்கு மேலிருக்கும் அவர் ஊரில் சுமார் 83. இங்கே 5 டிகிரிக்குக் கேஜில் 249. அதே எண்ணை அவர் வைத்தால் காயில் மூன்றரை டிகிரிக்கு இறங்கிவிடும். அவருக்கு 267 என்று எழுதி அனுப்பினேன்.