வாசா அருங்காட்சியகம், ஸ்டாக்ஹோம்: கீழ்த்தளத்தில் தொடங்குங்கள்

ஸ்டாக்ஹோமில் ஒரே ஒரு அருங்காட்சியகம் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால், தயங்காமல் வாசாவுக்குப் போங்கள். 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணம் புறப்பட்டு, சுமார் 1300 மீட்டர் தூரம் போவதற்குள் சாய்ந்து மூழ்கிய ஸ்வீடன் போர்க்கப்பல் இது. 1961 ஏப்ரல் 24 அன்று நீருக்கு மேலே வந்தது. நீங்கள் பார்ப்பதில் 98 விழுக்காடு அசல் மரம். பால்டிக் கடலில் உப்பு குறைவு; மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல் புழு அங்கே வாழ்வதில்லை. அதனால்தான் இத்தனை மிஞ்சியது.

போகும் வழியிலேயே பாதிக் கதை இருக்கிறது. மத்திய ரயில் நிலையப் பக்கமிருந்து 7-ஆம் எண் டிராம் வருகிறது, அது வசதி. ஆனால் ஸ்லுசெனிலிருந்து 82-ஆம் எண் படகில் போவதே மேல். வாசா பாய் விரித்த கரைக்கு அருகே ஏறி, அது மூழ்கிய பெக்ஹோல்மென் தீவுப் பக்கம் வந்து இறங்குவீர்கள். நகரப் பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் எடுக்கும் 75 நிமிடச் சீட்டே படகுக்கும் செல்லும். இறங்கு துறையிலிருந்து பத்து நிமிட நடை.

செப்டம்பர் முதல் மே வரை காலை 10 முதல் மாலை 5 மணி, புதன்கிழமை மட்டும் இரவு 8 மணி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலை 8.30 முதல் மாலை 6 மணி. 18 வயது வரை கட்டணம் இல்லை. ரொக்கம் வாங்கமாட்டார்கள், அட்டை கட்டாயம். கோடையில் 11 மணிக்குமேல் சுற்றுலாக் குழுக்கள் வரிசையாக வந்துவிடும். கதவு திறக்கும்போதே உள்ளே இருங்கள், அல்லது கடைசி இரண்டரை மணி நேரத்தில் போங்கள்.

உள்ளே நுழைந்ததும் கப்பல் முழு உயரத்தில் எதிரே நிற்கும். எல்லோரும் அங்கேயே படமெடுத்துவிட்டு மேலே ஏறுகிறார்கள். அதில்தான் தவறுகிறார்கள். முதலில் குறும்படத்தைப் பாருங்கள், பதினைந்து நிமிடம் சொச்சம். பிறகு நேரே கீழே இறங்கி, ஏரா என்கிற அடிமரத்தின் அருகே நில்லுங்கள். கப்பல் ஏன் மூழ்கியது என்பது அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியும். அகலம் 11.7 மீட்டர்தான், பின்புறமோ 19.3 மீட்டர் உயரம். நீருக்குள் இருக்கும் பகுதி ஒடுங்கியிருக்க, அதன்மேல் இரண்டு பீரங்கித் தளங்கள், 64 பீரங்கிகள். அடிபாரமாகப் போட்ட சுமார் 120 டன் கல் போதவில்லை. கூடுதலாகப் போட்டிருந்தால் கீழ்வரிசைப் பீரங்கிச் சாளரங்கள் நீர்மட்டத்துக்கு இன்னும் தாழ்ந்திருக்கும். காற்று தள்ளிச் சாய்த்தபோது திறந்திருந்த அந்தச் சாளரங்கள் வழியாகத்தான் கடல் உள்ளே புகுந்தது. புறப்படும் முன்பே முப்பது பேரைத் தளத்தின் குறுக்கே இப்படியும் அப்படியும் ஓடவிட்டுச் சோதித்தார்கள். மூன்றாவது ஓட்டத்திலேயே கப்பல் ஆடிய ஆட்டத்தைக் கண்டு நிறுத்தினார்கள். ஆனாலும் புறப்பட்டது. மூழ்கியவர்களின் எலும்புகளும் மீட்டுருவாக்கிய முகங்களும் அருகிலேயே இருக்கின்றன. சிறுபிள்ளைகளோடு போகிறவர்கள் கவனத்தில் கொள்ளுங்கள்.

கப்பலுக்குள் ஏற அனுமதி இல்லை. அந்தக் குறையை ஈடுகட்ட மேல் பீரங்கித் தளத்தின் ஒரு பகுதியை அசல் அளவில் கட்டி வைத்திருக்கிறார்கள், அதற்குள் நடக்கலாம். 1660-களில் பீரங்கிகளை மேலே எடுக்க உதவிய முக்குளிப்பு மணியின் மாதிரியைத் தவறவிடாதீர்கள். காற்று அடைபட்ட மணிக்குள் நின்றபடியே, ஏறக்குறைய இருட்டில், 32 மீட்டர் ஆழத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட பீரங்கிகளைக் கட்டி எடுத்திருக்கிறார்கள். பின்புறச் சிற்பங்களுக்கு மேல்தளமே சரியான இடம். இன்று கறுத்துத் தெரியும் அவை அன்று பளீரென்ற வண்ணத்தில் இருந்தன. பத்தில் ஒரு பங்கு அளவிலான வண்ண மாதிரியைப் பார்த்துவிட்டு மேலே போனால் சிற்பங்கள் வேறு மாதிரி பேசும்.

வெளிச்சம் மிகக் குறைவு. கைபேசியைக் கைப்பிடிக் கம்பிமேல் ஊன்றி எடுக்காவிட்டால் படம் கலங்கிவிடும். உள்ளே 18 முதல் 20 டிகிரிதான், கோடையிலும் மெல்லிய கம்பளிச் சட்டை தேவை. இந்தக் குளிருக்குக் காரணம் உண்டு. மரம் சுருங்கி வெடிக்காமலிருக்க 17 ஆண்டுகள் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற வேதிப்பொருளைத் தெளித்தார்கள். ஆனால் கடலடியில் மரம் உறிஞ்சிய கந்தகம் ஈரம் பட்டால் அமிலமாகிறது. 2000-இல் மழை மிகுந்த கோடை. நனைந்த உடையோடு வந்த கூட்டத்தால் ஈரப்பதம் ஏறி, மரத்தில் உப்புப் பூத்தது. அதன்பின் குளிரூட்டும் அமைப்பையே மாற்றினார்கள். 5000-க்கு மேற்பட்ட துருப்பிடித்த போல்ட்டுகளும் மாற்றப்பட்டன. தன் எடையாலேயே கப்பல் மெல்ல உருக்குலைவதால், 2024-இல் புதிய தாங்கு அமைப்புக்கான வேலை தொடங்கியது. கீழ்த்தளத்தில் சில இடங்கள் மறைந்திருக்கலாம். ஆனால் அந்த வேலையே பார்க்கத் தகுந்தது.

மொத்தம் இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஆங்கில வழிகாட்டியின் விளக்கம் நுழைவுச் சீட்டிலேயே அடக்கம். உள்ளே போனதும் நேரம் கேட்டு வையுங்கள். மீதி நாளுக்கு, பலரும் போகும் ஆபா (ABBA) பாப் இசைக்குழுவின் அருங்காட்சியகத்தைவிட அரண்மனைக்குக் கீழே இருக்கும் அரச ஆயுதச்சாலையே பொருத்தம். வாசாவைக் கட்டச் சொன்ன இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப் 1632-இல் லுட்சென் போரில் இறந்தபோது அணிந்திருந்த உடையும், அவர் ஏறியிருந்த ஸ்ட்ரைஃப் என்ற குதிரையின் பதப்படுத்திய உடலும் அங்கே இருக்கின்றன.