ராத்திரியில் பூனைக்கு முடியவில்லை: வீடா, போனா, ஆஸ்பத்திரியா?

கிளினிக் எல்லாம் பூட்டிய பிறகு பூனை சுருண்டு படுத்துவிட்டால் நம் முன்னால் நாலு வழிதான்: விடியும் வரை வீட்டில் வைத்துப் பார்ப்பது, போனில் டாக்டரைப் பிடிப்பது, வீட்டுக்கு வரும் டாக்டரை அழைப்பது, ராத்திரி திறந்திருக்கும் மருத்துவமனைக்கு ஓடுவது. நிறைய பேர் தூரத்தையும் செலவையும் வைத்து முடிவெடுக்கிறார்கள், என்னைக் கேட்டால் அறிகுறிதான் முடிவு சொல்ல வேண்டும்.

வீட்டில் வைத்திருக்கலாம் என்றால், ஒரு தடவை வாந்தி எடுத்துவிட்டு சாதாரணமாக நடக்கிற, தண்ணீர் குடிக்கிற வளர்ந்த பூனையை வைத்திருக்கலாம். தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிப் பாருங்கள், 30-க்குள் இருந்தால் நிம்மதி. ஈறை விரலால் அழுத்தி விட்டால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் பழைய நிறம் திரும்ப வேண்டும். பால் வேண்டாம், வயிற்றுப்போக்கை அது அதிகமாக்கத்தான் செய்யும். சாப்பிடவில்லை என்றால் ஒரு ராத்திரி பொறுக்கலாம், ஆனால் ஒரு நாளைத் தாண்ட விடாதீர்கள், அதுவும் குண்டுப் பூனை என்றால் பட்டினியிலேயே ஈரலில் கொழுப்பு சேர்ந்து பெரிய வியாதியாகிவிடும். குட்டிகளுக்கு இந்தப் பொறுமையே கூடாது.

காத்திருக்கவே கூடாதது கடுவன் பூனையின் மூத்திர அடைப்பு. மண்தட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக, முக்கிக்கொண்டு, கத்திக்கொண்டு, அடிக்கடி அந்த இடத்தை நக்கிக்கொண்டு இருக்கும், ஒரு சொட்டு வராது. நம் ஆட்கள் இதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் ஊற்றுவார்கள்! அடிவயிற்றில் எலுமிச்சை மாதிரி கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டால் அமுக்கிப் பார்க்காதீர்கள், அது நிரம்பிய மூத்திரப்பை. வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத்தையே நிறுத்திவிடும். இதற்கு வீட்டு வைத்தியமும் இல்லை, போன் வைத்தியமும் இல்லை, டியூப் போட்டு அடைப்பை எடுக்கிற இடத்துக்கு அப்போதே கிளம்ப வேண்டியதுதான். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலும், வலிப்பு வந்தாலும், பின்னங்கால் திடீரென்று இழுத்துக்கொண்டாலும் அப்படியே.

போன், வீடியோ ஆலோசனை சிகிச்சை ஆகாது, ஆனால் கிளம்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஈறின் நிறத்தையும் மூச்சு விடுவதையும் வீடியோ எடுத்து அனுப்பினால் டாக்டருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும். வீட்டுக்கு வரும் டாக்டர் ஊசி போடுவார், தோலுக்கடியில் சலைன் ஏற்றுவார், பயணம் என்றாலே மிரளும் கிழட்டுப் பூனைக்கு நல்லதுதான். எக்ஸ்ரே, ஆக்சிஜன் தேவைப்பட்டால் அவரும் மருத்துவமனைக்குத்தான் அனுப்புவார், அதற்குள் நேரம் போயிருக்கும்.

மருத்துவமனை என்றால் சென்னைக்காரர்களுக்கு முதலில் வேப்பேரி அரசு கால்நடைக் கல்லூரி மருத்துவமனைதான் நினைவுக்கு வரும், மற்ற ஊர்களில் பெரும்பாலும் தனியார்தான். '24 மணி நேரம்' என்ற போர்டை மட்டும் நம்பாதீர்கள், சில இடங்களில் ராத்திரி ஆள் இருப்பார், டாக்டர் இருக்க மாட்டார். பூனை நன்றாக இருக்கும் நாளிலேயே போன் போட்டு, பூனையைப் பார்ப்பீர்களா, டியூப் போடுவீர்களா, எத்தனை மணி வரை என்று கேட்டு எழுதி வையுங்கள்.

அப்புறம் யாரும் வெளியே சொல்லாத ஐந்தாவது வழி, நம் மருந்து டப்பா. பாராசிட்டமாலை உடைத்து முறிக்கும் வேலை பூனையின் ஈரலுக்கு வராது; 650 மில்லிகிராம் மாத்திரையில் கால் துண்டே 4 கிலோ பூனையைக் கொன்றுவிடக்கூடும். ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா, மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு இப்போதே கிளம்புங்கள், அசெட்டைல்சிஸ்டைன் என்ற மாற்று மருந்து இருக்கிறது, எவ்வளவு சீக்கிரம் ஏற்றுகிறார்களோ அவ்வளவு நல்லது. திட்டுவார்கள் என்று பயந்து டாக்டரிடம் மறைக்க வேண்டாம்.