தி சைலன்ட் பேஷன்ட்: இதற்கா இவ்வளவு ஆரவாரம்?

2019-இல் வந்த அலெக்ஸ் மைக்கேலிடீஸின் முதல் நாவல். லண்டனில் அலிசியா என்ற ஓவியர் கணவனை முகத்தில் ஐந்து முறை சுட்டுவிட்டு அதற்குப் பிறகு ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை, அவளைப் பேச வைத்தே தீருவேன் என்று தியோ என்கிற மனநல சிகிச்சையாளர் வந்து சேர்கிறான். தொடக்கம் பிரமாதம், சந்தேகமே இல்லை.

அப்புறம்தான் தொய்வு. சிகிச்சை தர வந்தவன் அவளுடைய சொந்தக்காரர், நண்பர் என்று வீடு வீடாகப் போய்த் துப்பறிகிறான், மேலதிகாரி கண்டித்தாலும் கேட்பதில்லை. அலிசியாவின் நாட்குறிப்பு இன்னும் மோசம்: பயந்து போயிருக்கும் ஒரு பெண் யார் என்ன சொன்னார்கள் என்று வரிக்கு வரி வசனமாகவா எழுதிக்கொண்டிருப்பாள்?

எல்லோரும் வாய் பிளக்கும் அந்தக் கடைசித் திருப்பம்? கதையை உடைக்காமல் சொன்னால், ஆசிரியர் ஒரு விஷயத்தை வாசகரிடம் ஒளித்து வைத்ததால் மட்டுமே அது நிற்கிறது, பாத்திரங்களின் மனதிலிருந்து எதுவும் முளைக்கவில்லை. உளவியல் திரில்லராம்!

எனக்குப் பிடித்தது பண்டைய கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடீஸின் அல்செஸ்டிஸ் நாடகத்தோடு போட்ட முடிச்சு. கணவனுக்காகச் செத்து, மீண்டு வந்தும் மௌனமாக நிற்கும் மனைவி. அதையும் மேலோட்டமாகத் தொட்டுவிட்டுப் போகிறார்.

அத்தியாயங்கள் சின்னவை, ரயிலில் படிக்கச் சரி. நூலகத்தில் கிடைத்தால் எடுங்கள், காசு கொடுத்து வாங்காதீர்கள்.