விருதும் கொடுத்து 18,500 ரூபாயும் பிடுங்கிக்கொண்டார்கள்: ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகளைப் பெற்றவர்கள் படியுங்கள்

18,500 ரூபாய். நேற்று சாயங்காலத்தோடு அது போனது போனதுதான் என்று ஆகிவிட்டது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுக்கப் போவதால் இடத்தின் பெயரைப் போட வேண்டாம் என்கிறார் மச்சான். சேலத்தில் மாடியில் கண்ணாடிக் கதவு போட்டு நடத்துகிற ஒரு தனியார் தொழிற்பயிற்சி நிலையம், அவ்வளவுதான் சொல்வேன்.

எனக்குச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை. மகள் அரசு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக் மெக்கானிக் ரெண்டு வருஷம் படித்து இந்த வருஷம் முடித்தாள். நல்ல மார்க். அங்கே படித்தவரை எங்களுக்குப் பெரிய செலவே இல்லை. கட்டணம் கிடையாது, பஸ் பாஸ் இலவசம், மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. அது போக புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் நேராக அவள் கணக்கில் ஏறிவிடும். இதற்கெல்லாம் யாரும் எங்களிடம் முன்பணம் கேட்டதில்லை. இந்த ஒன்றை யோசித்திருந்தாலே தப்பித்திருப்பேன்.

ரிசல்ட் வந்து பத்து நாள் இருக்கும், ஒரு போன். "உங்க பொண்ணு சிறந்த தொழிற்கல்வி மாணவியா தேர்வாகியிருக்காங்கண்ணா. விருது தர்றோம், டிப்ளமோ படிக்க நூறு சதவீதக் கட்டண விலக்கும் உண்டு. குடும்பத்தோட வந்துடுங்க." அவள் மார்க்கைக்கூடச் சரியாகச் சொன்னார்கள். என் நம்பரும் அவள் மார்க்கும் இவர்கள் கைக்கு எப்படிப் போயின என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில். குத்துவிளக்கு, ஸ்பீக்கரில் நாதஸ்வரம், வாசலில் ரோஸ் மில்க். எங்களைப் போல ஐம்பது அறுபது குடும்பம் இருக்கும், எல்லோரும் இருப்பதில் நல்ல துணியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தோம். மகளுக்கு ஒரு ஷீல்டு கொடுத்தார்கள். கூடவே ஆள் உயரத்துக்கு ஓர் அட்டை செக், அதில் "கல்விக் கட்டண விலக்கு ரூ. 65,000" என்று எழுதியிருந்தது. அப்புறம் மைக்கில் பேசியவர், "இந்தப் பொண்ணைப் பெத்த அப்பா மேடைக்கு வரணும்" என்றார். பட்டறை வேலையில் என் விரல் நுனியெல்லாம் கருத்துக் கிடக்கும். கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேதான் ஏறினேன். அவர் அந்தக் கையையே பிடித்து இழுத்து, "உழைக்கிற கை, ஏண்ணா மறைக்கிறீங்க" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு எனக்குச் சால்வை போர்த்தினார். மண்டபமே கை தட்டியது. எங்கள் வகையறாவில் இதுவரை யாருக்கும் சால்வை போட்டதில்லை. அந்த நேரத்தில் வீட்டை எழுதிக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

மேடையை விட்டு இறங்கியதும் ஒரு டேபிள்.

"டியூஷன் ஃபீஸ் ஒரு ரூபா வேண்டாங்கண்ணா. சீட் உறுதிக்கு, டூல் கிட்டுக்கு, யூனிஃபார்முக்கு எல்லாம் சேர்த்து 18,500. அதுலயும் 10,000 முதல் செமஸ்டர் முடிஞ்சதும் திரும்பி வந்துடும். இன்னைக்கே கட்டினாத்தான் விலக்கு பதிவாகும்."

கையில் 6,000 இருந்தது. வீட்டுக்காரி ஒன்றும் பேசாமல் தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். தெருக்கோடியில் இருந்த அடகுக்கடைக்குப் போய்விட்டு வந்து கட்டினேன். க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்தால் நிலையத்தின் பெயர் வரவில்லை, யாரோ ஓர் ஆளின் பெயர் வந்தது. கேட்டதற்கு, "எங்க அக்கவுண்டன்ட் சார்தாங்கண்ணா" என்றாள் அந்தப் பெண். சரி என்று தலையாட்டினேன்.

அதன் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அடுத்த திங்கள் கிளாஸ், அதற்கடுத்த திங்கள் கிளாஸ், சென்னையிலிருந்து லிஸ்ட் வரணும், சார் மீட்டிங்கில் இருக்கார். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. நேரில் போனால் மூன்று கம்ப்யூட்டர், அதில் ஒன்றுக்கு மானிட்டர் இல்லை. ஒரு நாள் மகளே கேட்டாள், "இந்த டிப்ளமோவுக்கு ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி இருக்கா மேடம்?" என்று. தொழில்நுட்பப் படிப்புகளுக்கு அனுமதி தருகிற மத்திய அரசு அமைப்பு அது. அதற்கு அந்த அம்மா, "விருது வாங்கின பொண்ணு இப்படியெல்லாம் பேசலாமா பாப்பா?" என்றார். மகள் கீழே வரும்வரை வாயே திறக்கவில்லை. அடுத்த வாரம் லேப் கட்டணம் 12,000 கட்டச் சொல்லி மெசேஜ் வந்தது. விலக்கு டியூஷன் ஃபீஸுக்கு மட்டும்தானாம்.

நேற்று போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டு ஒரு பையன் வந்து சொன்னான்: "உங்க அமௌன்ட் விருது விழாச் செலவுல அட்ஜஸ்ட் ஆயிடுச்சுண்ணா." எனக்குப் போட்ட சால்வைக்கு நானே அடகு வைத்துக் காசு கொடுத்திருக்கிறேன்! கையெழுத்துப் போட்ட படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். எறும்பு எழுத்தில், எக்காரணம் கொண்டும் தொகை திருப்பித் தரப்படாது என்று இருந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் ஷீல்டில் ஒட்டியிருந்த பெயர் ஸ்டிக்கர் ஓரத்தில் கிளம்பியிருந்தது. நகத்தால் உரித்தேன். அடியில் வேறொரு பையன் பெயர், போன வருஷத்துத் தேதி.

18,500 கூட ஒரு பக்கம் இருக்கட்டும். ரெண்டு வருஷ ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக ரெண்டாம் வருஷத்தில் சேரலாம். இவர்களை நம்பிக் காத்திருந்த வாரங்களில் அந்தச் சேர்க்கை முடிந்துவிட்டது. சேர்ந்திருந்தால் பிரகதி உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருக்கலாம் என்று அவளுடைய ஐ.டி.ஐ. சார் இப்போது சொல்கிறார். டிப்ளமோ படிக்கிற பெண் பிள்ளைகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ. தருவது, வருஷம் 50,000, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேசிய உதவித்தொகை போர்ட்டலில் விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. அவரிடம் முன்னாலேயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சால்வை கண்ணை மறைத்துவிட்டது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், பட்டறைக்கு நேரமாகிவிட்டது. சுருக்கமாக: விருது கொடுக்கிறவன் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தனி ஆள் பெயருக்குப் பணம் போடாதீர்கள். படிவத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குக் கூப்பிடுங்கள், நான் கூப்பிட்டபோது ரொம்பத் தாமதம். நுகர்வோர் உதவிக்கு 1915. போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தருகிற சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.

அந்த மண்டபத்தில் அன்றைக்குப் பணம் கட்டியவர்கள் யாராவது இதைப் பார்த்தால் ரசீதையும் ஷீல்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள், காலையிலேயே கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுவோடு நிற்பேன்.